பிக்கோ தீவில் திமிங்கிலம் பார்க்க ஒரு வாரம்: முதல்முறை போகிறவர்களுக்கு

ஒரே ஒரு படகுப் பயணத்துக்குப் பணம் கட்டிவிட்டு, பிக்கோ இருக்கும் அசோரஸ் தீவுகளுக்குப் போகாதீர்கள். மற்றதெல்லாம் மறந்துபோனாலும் இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் முதல் தடவை போனபோது லிஸ்பன் சுற்றுலாவோடு இரண்டு நாளைச் சேர்த்துக்கொண்டேன். இரண்டு நாளும் பலத்த காற்று. படகு துறையை விட்டு நகரவில்லை. கரையில் நின்று அலையைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அடுத்த முறை எட்டுப் பேர் கொண்ட சிறு குழுவோடு ஒரு வாரம் தங்கினேன். ஐந்து நாள் கடலுக்குப் போவதாகத் திட்டம், நான்கு நாள் போக முடிந்தது. அந்த நான்கு நாளில் பார்த்ததை இன்னும் சொல்லி முடிக்கவில்லை.

எந்தத் தீவு?

அசோரஸ் என்பது போர்ச்சுகலைச் சேர்ந்த ஒன்பது தீவுகள். லிஸ்பனுக்கு மேற்கே சுமார் 1,500 கிலோமீட்டர், அட்லாண்டிக்கின் நடுவில் இருக்கின்றன. பல தீவுகளில் திமிங்கிலப் படகுகள் உண்டு. பெரிய தீவான சாவோ மிகேலுக்கு விமானங்கள் அதிகம், அங்கே போவது சுலபம். ஆனாலும் திமிங்கிலத்துக்காகவே போகிறீர்கள் என்றால் பிக்கோ தீவுக்குப் போங்கள். அதிலும் தெற்குக் கரையில் இருக்கும் லாஜெஸ் என்ற சிற்றூரில் தங்குங்கள்.

இந்தத் தீவுகள் எல்லாம் கடலடியிலிருந்து எழுந்த எரிமலைகள். பிக்கோவின் மலை 2,351 மீட்டர், போர்ச்சுகலிலேயே உயரமான சிகரம். மேலே எவ்வளவு செங்குத்தாக இருக்கிறதோ, தண்ணீருக்குள்ளும் அப்படியே சரிந்து இறங்குகிறது. கரையிலிருந்து சில கிலோமீட்டர் போனாலே ஆழம் 1,000 மீட்டரைத் தாண்டிவிடும். ஸ்பெர்ம் திமிங்கிலம் ஆழ்கடல் கணவாயைத் தின்று வாழ்வது, அதற்கு இந்த ஆழம்தான் வீடு. அதனால் ஊரின் தேவாலயக் கோபுரம் கண்ணில் படும் தூரத்திலேயே அதைப் பார்த்துவிட முடிகிறது. நம் செய்தித்தாள்களில் ‘பல கோடி ரூபாய் அம்பர்கிரீஸ் கடத்தல்’ என்று அடிக்கடி வருமே, அந்த அம்பர்கிரீஸ் இந்தத் திமிங்கிலத்தின் குடலில் உண்டாவதுதான்.

லாஜெஸ் மக்கள் இதே கடலில் திமிங்கில வேட்டை ஆடியவர்கள். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியிலிருந்து வந்த வேட்டைக் கப்பல்கள் இங்கே ஆள் சேர்த்தன. அவற்றில் போய்த் தொழில் கற்றவர்கள் திரும்பி வந்து சொந்தப் படகு கட்டினார்கள். ஒரு படகில் ஏழு பேர். துடுப்பும் பாயும்தான் துணை, கையால் எறியும் ஈட்டிதான் ஆயுதம். மலைச் சரிவில் ஒரு சிறு குடிலில் காவலாள் ஒருவர் விடிந்ததிலிருந்து கடலையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தக் குடிலுக்கும் அவருக்கும் ஒரே பெயர், விஜியா. திமிங்கிலம் மூச்சு விடுவது தெரிந்ததும் வாணம் கொளுத்திவிடுவார். சத்தம் கேட்டதும் வயலில் நிற்பவர்கூட மண்வெட்டியைப் போட்டுவிட்டுத் துறைக்கு ஓடுவார். கடைசித் திமிங்கிலம் கொல்லப்பட்டது 1987-இல். அதற்குப் பிறகு வேட்டை நின்றது, ஆனால் விஜியா நிற்கவில்லை. இன்றும் அதே குடில்களில் பெரிய தொலைநோக்கியோடு உட்கார்ந்து, வயர்லெஸ்ஸில் படகோட்டிக்குத் திசை சொல்கிறார்கள். ஆரம்ப ஆண்டுகளில் அப்படி உட்கார்ந்தவர்கள் பழைய வேட்டைக் காவலர்களே. கொல்வதற்காகக் கற்ற கண், காட்டுவதற்குப் பயன்படுகிறது. எனக்கு இந்த ஊரின் மேல் இவ்வளவு பிரியம் வந்ததற்கு அதுதான் காரணம்.

எந்த மாதம்?

படகுகள் பெரும்பாலும் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஓடுகின்றன. எதைப் பார்க்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள், மாதம் தானாக அமையும்.

நீலத் திமிங்கிலம்தான் ஆசை என்றால் ஏப்ரல், மே. வசந்தத்தில் கடலில் நுண்ணுயிர்கள் பெருகும், அவற்றைத் தின்னும் கிரில் என்ற இறால் மாதிரிச் சிற்றுயிர்க் கூட்டமும் பெருகும். வடக்கே போகும் நீலத் திமிங்கிலமும் ஃபின் திமிங்கிலமும் போகிற வழியில் இங்கே நின்று சாப்பிட்டுவிட்டுப் போகும். அந்த மாதங்களில் கடல் முரட்டுத்தனமாக இருக்கும், குளிரும், படகு ரத்தாகும் நாள்களும் கூடுதல்.

ஸ்பெர்ம் திமிங்கிலம் ஆண்டு முழுவதும் உண்டு. கோடையில் தாயும் குட்டியுமாகக் கூட்டங்கள் தெரியும். ஜூலையிலிருந்து புள்ளி டால்பின்களும் வந்து சேரும். கடலும் அடங்கியிருக்கும். குடும்பத்தோடு, வயதானவர்களோடு போகிறவர்களுக்கு ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் நல்லது. எனக்குப் பிடித்தது மே கடைசி, ஜூன் தொடக்கம். வசந்தத்து விருந்தாளிகள் முழுக்கக் கிளம்பியிருக்க மாட்டார்கள், கடலும் கொஞ்சம் தணிந்திருக்கும்.

குழுவைத் தேர்ந்தெடுப்பது

சிறு குழு என்று எல்லா நிறுவனமும்தான் சொல்லும். பணம் கட்டும் முன் சில கேள்விகளை எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வாரத்தில் எத்தனை முறை கடலுக்குப் போகிறோம்? நான்குக்குக் குறைவு என்றால் வேறு நிறுவனம் பாருங்கள். ஒரு படகில் எத்தனை பேர்? குழு எட்டுப் பேராக இருந்தாலும் படகில் இன்னும் முப்பது பேரை ஏற்றினால் சிறு குழு என்பதற்கு அர்த்தமே இல்லை. காற்றால் படகு நின்றால் வேறு நாள் தருவார்களா, பணத்தைத் திருப்பித் தருவார்களா? கரையில் விஜியா இருக்கிறாரா? கடலுயிர் படித்த வழிகாட்டி படகிலேயே வருவாரா? அசோரஸில் இந்தப் படகுகளுக்கு அரசு உரிமம் கட்டாயம், அதையும் கேட்டுவிடுங்கள்.

விதிமுறையும் தெரிந்திருக்கட்டும். திமிங்கிலத்துக்கு 50 மீட்டருக்குள் படகு போகக் கூடாது, குட்டி இருந்தால் 100 மீட்டர். பின்பக்கத்திலிருந்து மெதுவாகத்தான் நெருங்க வேண்டும், முன்னால் போய் மறிக்கக் கூடாது. திமிங்கிலத்தோடு நீந்துவதற்குத் தடை. டால்பினோடு நீந்தும் பயணங்களைச் சில இடங்களில் விற்பார்கள். அது சட்டப்படி சரிதான், ஆனால் நான் போக மாட்டேன். ஒரு கூட்டம் தூங்கும் நேரத்தில், குட்டிக்குப் பால் கொடுக்கும் நேரத்தில் நாம் நடுவில் குதிக்க வேண்டியதில்லை. ‘ரொம்பக் கிட்டே கூட்டிப் போவோம்’ என்று பெருமையாக விளம்பரம் செய்யும் படகையும் தவிர்த்துவிடுங்கள்.

செலவுக்கு, ஒரு அரைநாள் படகுப் பயணத்துக்கு ஆளுக்கு 60 முதல் 80 யூரோ வரை ஒதுக்கி வையுங்கள். வாரத் திட்டமாக எடுத்தால் தங்குமிடமும் படகும் சேர்ந்தே வந்துவிடும்.

விசா, விமானம்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். அசோரஸும் ஷெங்கனுக்குள்தான், அதற்கென்று தனி விசா கிடையாது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாளாவது முன்னால் கொடுத்தாக வேண்டும், ஆனால் கோடையில் விண்ணப்பம் கொடுக்க முன்பதிவு நேரம் கிடைப்பதே கஷ்டம் என்பதால் மூன்று மாதம் முன்பே ஆரம்பித்துவிடுங்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

லிஸ்பனிலிருந்து பிக்கோவுக்கு நேர் விமானம் எல்லா நாளும் இருக்காது. கிடைக்காத நாளில் பக்கத்துத் தீவான ஃபயாலின் ஓர்டா நகருக்குப் பறந்து, அங்கிருந்து படகில் அரை மணி நேரத்தில் பிக்கோவின் மடலேனா துறைக்கு வந்துவிடலாம். இன்னொரு வழி சாவோ மிகேலில் இறங்கி, தீவுகளுக்கு இடையே பறக்கும் சிறு விமானம் பிடிப்பது. டொராண்டோவில் இருக்கும் நம்மவர்களுக்கு யோகம், அங்கிருந்து சாவோ மிகேலுக்கு நேர் விமானமே இருக்கிறது.

மடலேனாவிலிருந்து லாஜெஸுக்குக் காரில் சுமார் முக்கால் மணி நேரம். பேருந்துகள் மிகக் குறைவு. குழுவுக்கு வண்டி ஏற்பாடு இல்லையென்றால் கார் வாடகைக்கு எடுங்கள். இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுத்துப் போங்கள்.

வயிற்றைத் தயார் செய்வது

பலர் பயணத்தைக் கெடுத்துக்கொள்வது இதில்தான். பஸ்ஸில் மலைப்பாதை ஏறினாலே குமட்டுகிறவர்கள் ‘கடல்தானே, காற்று வருமே’ என்று நினைத்துப் போய்விடுகிறார்கள். மூன்று மணி நேரப் பயணத்தில் பாதி நேரம் படகு ஓடாது. எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருக்கும், அப்போது அலை படகைத் தொட்டில் மாதிரி ஆட்டும். குமட்டல் வருவது அந்த நேரத்தில்தான்.

ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். படகு ஏறிய பிறகு போட்டுப் பிரயோஜனம் இல்லை, ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். சில மாத்திரைகள் தூக்கம் வரவழைக்கும், அதனால் வீட்டில் ஒரு நாள் போட்டுப் பார்த்துவிடுங்கள். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், ரொட்டி மாதிரி உலர்ந்த ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பையில் இஞ்சிமரப்பா இருக்கட்டும். எங்கள் படகில் ஒரு ஜெர்மன் பெண்மணிக்கு முகம் வெளிறிப்போனபோது ஒரு துண்டு கொடுத்தேன். அடுத்த நாள் காலை துறையில் என்னைப் பார்த்ததும் கையை நீட்டினார்.

குமட்டல் தொடங்கினால் அடிவானத்தைப் பாருங்கள். செல்போனையும் கேமரா திரையையும் பார்க்காதீர்கள்.

பெரும்பாலான படகுகள் ஓரத்தில் காற்றடைத்த ரப்பர் குழாய் வைத்த வேகப் படகுகள். சிலவற்றில் பைக்கில் உட்காருவது மாதிரி இருபுறமும் காலைப் போட்டு உட்கார வேண்டும். முன்வரிசையில் காட்சி நன்றாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு அலைக்கும் இடுப்பில் இடி விழும். முதுகு வலி இருப்பவர்கள் பின்வரிசையில் உட்காருங்கள், இல்லாவிட்டால் பெரிய படகைக் கேளுங்கள். கர்ப்பிணிகள் இந்த வேகப் படகில் ஏறவே கூடாது.

உடை விஷயத்தில், கரையில் 24 டிகிரி வெயில் அடித்தாலும் படகில் காற்று எலும்பைத் தொடும். மெல்லிய உடைகளை ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டு, மேலே காற்றும் நீரும் புகாத ஜாக்கெட் அணியுங்கள். தொப்பிக்குக் கயிறு கட்டுங்கள். கண்ணாடி போலரைஸ்டாக இருந்தால் தண்ணீரின் பளபளப்பு அடங்கி, உள்ளே இருப்பதும் தெரியும்.

படகில் ஒரு காலை

புறப்படும் முன் பத்துப் பதினைந்து நிமிடம் விளக்கம் சொல்வார்கள். அதில் ஒன்றை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: படகின் மூக்குதான் பன்னிரண்டு மணி. வழிகாட்டி ‘மூன்று மணி!’ என்று கத்தினால் வலப்பக்கம் பார்க்க வேண்டும். அவர் விரல் நீட்டும் திசையைத் தேடிக்கொண்டிருந்தால் அதற்குள் ஆள் முங்கிவிடும்.

முதலில் கண்ணில் படுவது மூச்சுதான். நீலத் திமிங்கிலத்தின் மூச்சு தென்னை மரம் மாதிரி நேராக, ஒன்பது மீட்டர் வரைகூட எழும். ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் மூச்சு குட்டையாக, புதர் மாதிரி, முன்னோக்கி இடப்பக்கமாகச் சாய்ந்து வரும். அதன் மூக்குத் துளை தலையின் முன்னால் இடது ஓரத்தில் இருப்பதால் இந்தச் சாய்வு. இரண்டாவது நாளிலேயே தூரத்திலிருந்து நீங்களே இனம் சொல்லிவிடுவீர்கள்.

ஸ்பெர்ம் திமிங்கிலம் மேலே எட்டுப் பத்து நிமிடம் மரக்கட்டை மாதிரி மிதக்கும். சில நொடிகளுக்கு ஒருமுறை புஸ்ஸென்று மூச்சு. எஞ்சின் மெதுவாகி எல்லோரும் பேச்சை நிறுத்தினால் அந்தச் சத்தம் தெளிவாகக் கேட்கும். ரயில் பிரேக்கில் காற்று இறங்குவது மாதிரி இருக்கும். அதன் தோல் வழுவழுப்பாக இருக்காது, உலர்ந்த திராட்சை மாதிரி சுருங்கியிருக்கும். அப்புறம் ஒரு பெரிய மூச்சு. முதுகு வளைந்து கூனும். இதுதான் அடையாளம், கேமராவைத் தூக்க வேண்டிய நேரம். நான்கைந்து நொடியில் வால் முழுதாக மேலே எழுந்து, தண்ணீர் சொட்டச் சொட்ட நின்று, சத்தமே இல்லாமல் உள்ளே போகும். போன இடத்தில் அலையில்லாத ஒரு வழுவழுப்பான வட்டம் சிறிது நேரம் மிதக்கும்.

வாலின் விளிம்பில் இருக்கும் வெட்டுகளும் கிழிசல்களும் ஒவ்வொன்றுக்கும் வேறு, நம் கைரேகை மாதிரி. வழிகாட்டி வாலைப் படமெடுத்துப் பழைய படங்களோடு ஒப்பிடுவார். உங்கள் படம் தெளிவாக இருந்தால் அவரிடம் கொடுங்கள், அவருக்கு உதவும். 300 மில்லிமீட்டர் வரை போகும் லென்ஸ் போதும். ஷட்டர் வேகம் 1/1000-க்குக் குறையாமல் வையுங்கள். முக்காலி படகில் ஆகாது. முதல் திமிங்கிலத்தை மட்டும் கேமரா இல்லாமல் பாருங்கள்.

உள்ளே போனது மேலே வர முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். அதற்குள் வழிகாட்டி தண்ணீருக்குள் ஒலிவாங்கியை இறக்குவார். சின்ன ஒலிபெருக்கியில் ‘டக், டக், டக்’ என்று வரும், யாரோ கேஸ் லைட்டரை நிதானமாக அழுத்திக்கொண்டே இருப்பது மாதிரி. இருட்டில் கணவாயைத் தேடி அது அனுப்பும் ஒலி. நம் காலுக்குக் கீழே ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் அது வேலை பார்ப்பதை மேலே உட்கார்ந்து கேட்கிறோம். எங்கள் குழுவில் பத்து வயதுப் பையன் ஒருவன், ‘அதுக்கு நாம இங்க இருக்கறது தெரியுமா?’ என்று கேட்டான். எஞ்சின் சத்தம் அதற்கு நன்றாகவே கேட்கும் என்றார் வழிகாட்டி. அதற்குப் பிறகு படகு ஒவ்வொரு முறை வேகம் கூட்டும்போதும் பையன் படகோட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

காத்திருக்கும் நேரத்தில் டால்பின்கள் வரும். நம் மீனவர்கள் ஓங்கில் என்று சொல்வதும் இந்த இனத்தைத்தான். லாஜெஸ் பக்கம் ஆண்டு முழுதும் இருக்கும் ரிஸ்ஸோ டால்பினைத் தவறவிடாதீர்கள். உடம்பு முழுக்க வெள்ளைக் கீறல் தழும்புகள், வயது ஏற ஏற உடம்பே வெளுத்துக்கொண்டு போகும்.

படகு போகாத நாள்

கண்டிப்பாக ஒரு நாளாவது இப்படி அமையும். லாஜெஸில் பழைய படகுக் கொட்டகைகளையே அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறார்கள், 1988-இல் திறந்தது. வேட்டைப் படகு ஒன்றின் பக்கத்தில் நின்று அதன் பலகை எவ்வளவு மெல்லியது என்று பாருங்கள். அதில் ஏழு பேர் ஏறி, 15 மீட்டர் நீள உயிரைத் துரத்தியிருக்கிறார்கள். வடக்குக் கரையில் சாவோ ரோக் ஊரில் 1984 வரை எண்ணெய் காய்ச்சிய ஆலையும் இப்போது அருங்காட்சியகம்தான். கொதிகலன்கள் அப்படியே இருக்கின்றன. குழந்தைகளோடு போனால் முன்கூட்டியே சொல்லிவைத்துக் கூட்டிப்போங்கள்.

மடலேனா பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களையும் பாருங்கள். கறுப்பு எரிமலைக் கல்லை அடுக்கி அறை அறையாகச் சுவர் கட்டி, ஒவ்வொரு அறைக்குள்ளும் சில கொடிகள். காற்றும் உப்பும் தாக்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. 2004-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. மலை ஏற ஆசைப்படுகிறவர்கள் ஏற்றம் தொடங்கும் இடத்தில் இருக்கும் மலை இல்லத்தில் பதிவு செய்ய வேண்டும். முழு நாளும் போய்விடும், மறுநாள் கால் ஒத்துழைக்காது, அதனால் படகுக்கு முந்தின நாள் வேண்டாம்.

சாப்பாடு

மீன் சாப்பிடுகிறவர்களுக்குக் கவலையே இல்லை. சைவர்கள் சமையலறை உள்ள வீடாக எடுத்துக்கொள்வது நல்லது. உணவகத்தில் ‘செம் கார்னே, செம் பெய்ஷே’ என்று சொல்லுங்கள், இறைச்சியும் மீனும் இல்லாமல் என்று பொருள். தீவின் பாலாடைக்கட்டியும் ரொட்டியும் அருமை. உணவுப் பட்டியலில் ‘இன்யாமே’ என்று இருந்தால் வாங்கிச் சாப்பிடுங்கள், நம் சேப்பங்கிழங்குதான். பொடி, ஊறுகாய் கொண்டுபோகலாம். நெய்யும் பால் இனிப்புகளும் கூடாது, ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டுப் பால், இறைச்சிப் பொருள்களைக் கொண்டுவரத் தடை இருக்கிறது.

இரவில் வீட்டு மேலே யாரோ மூக்கடைத்துக்கொண்டு அழுவது மாதிரி குரல் கேட்டால் பயப்படாதீர்கள். ககாரு என்ற கடற்பறவை அது. பகலெல்லாம் கடலில் இருந்துவிட்டு இருட்டிய பிறகு கரைக்குத் திரும்பும்.

திரும்பும் நாள்

கடைசி நாளில் படகு வைத்துக்கொள்ளாதீர்கள். காற்றோ மேகமோ இறங்கினால் பிக்கோ விமானம் ரத்தாவது சகஜம். லிஸ்பனிலிருந்து ஊருக்குப் போகும் விமானத்துக்கு முன்னால் ஒரு இரவாவது அங்கே தங்குவதாகத் திட்டமிடுங்கள். பிக்கோ விமானம் நின்றுபோனால், உடனே விமான நிறுவனத்திடம் ஓர்டாவிலிருந்து மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். பிக்கோவுக்கும் ஃபயாலுக்கும் இடையே உள்ள கடல் கால்வாயில் படகு ஓடினால் அரை மணி நேரத்தில் அக்கரை சேர்ந்துவிடலாம். அந்தப் படகிலும் மேல்தளத்திலேயே நில்லுங்கள், கால்வாயில் டால்பின்கள் வருவதுண்டு.